ரோட்ஸ்டர் பிக்கப்பைச் சரியாக அடையாளம் காண: 1925–1932 ஃபோர்டு வண்டிகளுக்கு முழுமையான வழிகாட்டி

பழைய ரோட்ஸ்டர் பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது என்றால், பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜின் நம்பரைத்தான் தேடுகிறார்கள். அதைப் பட்டியலோடு ஒப்பிட்டு "1929 வண்டி" என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இன்ஜின் நம்பர் இன்ஜினின் வயதைச் சொல்லும், வண்டியின் வயதைச் சொல்லாது. நூறு வருடத்தில் ஒரு பண்ணை வண்டிக்கு எத்தனை இன்ஜின் மாறியிருக்கும்!

மிச்சிகனில் வார இறுதிகளில் இந்த வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஒரு ஷெட்டில் நானும் ஒருவன். புதிதாக வருகிறவர்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடறுவதைப் பார்த்த பிறகுதான் கீழே உள்ள வரிசை எங்களுக்குப் பழக்கமானது. நம்பரைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன் வண்டியின் உடம்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். வரிசையை மாற்றினால் நம்பர் ஒன்றைச் சொல்லிவிடும். பிறகு கண்ணில் படுவதையெல்லாம் அதற்கு ஏற்றபடி விளக்கத் தொடங்கிவிடுவோம்.

1. எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ரோட்ஸ்டர் என்றால் இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி. நிலையான கூரை கிடையாது, மேலே துணிக்கூரை மட்டும். கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி இருக்காது. மழை வந்தால் பக்கத்திரையை மாட்டிக்கொள்ள வேண்டும். இந்த முன்பாதிக்குப் பின்னால் சரக்குத் தொட்டி இருந்தால் அது ரோட்ஸ்டர் பிக்கப்.

தகரக் கூரையும் ஏறி இறங்கும் கண்ணாடியும் இருந்தால் அது மூடிய கேபின் வண்டி. ஃபோர்டு மாடல் ஏ-யில் (1928–31) அதற்கு 82-ஏ, 82-பி என்று தனி உடல் எண்கள் உண்டு; ஒவ்வொரு உடம்பு வகைக்கும் ஃபோர்டு கொடுத்த எண் அது. கூரையை அறுத்தெடுத்து ரோட்ஸ்டர் என்று விற்கப்படும் 82-ஏ வண்டிகளை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் கதவுக்குள் கண்ணாடி இறங்கும் பள்ளம் அப்படியே இருந்தது. கதவின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள்.

உண்மையான ரோட்ஸ்டர் பிக்கப்பிலும் மூன்று அமைப்புகள் உண்டு. ஒன்று, காரின் பின்பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தொட்டி பொருத்தியது. இரண்டு, பிக்கப்புக்கென்றே செய்த குட்டையான தனிக் கேபின். மூன்று, டிக்கி மூடியை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே இறக்கிய சிறு பெட்டி. இந்த மூன்றாவதில் பெட்டியைத் தூக்கி மூடியை மாட்டினால் வண்டி மறுபடி காராகிவிடும். ஃபோர்டு மாடல் டி (1927 வரை வந்தது) முதல் வகை, அதற்கு அடுத்து வந்த மாடல் ஏ இரண்டாவது வகை. இந்த வித்தியாசத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள், கீழே வருவதெல்லாம் இதை வைத்துத்தான்.

2. கையில் எடுத்துப் போக வேண்டியவை

இஞ்ச் டேப் (குறைந்தது 5 மீட்டர்), டார்ச், கைப்பிடி உள்ள சிறு கண்ணாடி, துணியில் சுற்றிய காந்தம், மண்ணெண்ணெயும் பழந்துணியும், வெள்ளைத் தாள், பென்சில். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் "பார்த்தது", மறுபாதியில் "சொன்னது" என்று எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர் நேர்மையானவராகவே இருப்பார், ஆனால் அவருக்கு விற்றவர் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு எது கண்ணால் கண்டது, எது காதால் கேட்டது என்று பிரிக்க முடியாமல் போகும்.

உப்புத்தாள், கிரைண்டர் இரண்டையும் கொண்டு போகாதீர்கள். ஏன் என்பது 9-ஆம் படியில்.

3. வீல்பேஸை அளந்து ஒதுக்க வேண்டியதை ஒதுக்குங்கள்

முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை அளக்க வேண்டும். முன் சக்கரங்கள் நேராக இருக்கட்டும், இரண்டு பக்கமும் அளங்கள். இரண்டு நிமிட வேலை இது. இதைச் செய்யாததால் ஒரு நாளையே வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

மாடல் டி 100 அங்குலம் (254 செ.மீ.). மாடல் ஏ 103.5 அங்குலம் (263 செ.மீ.). 1932 ஃபோர்டு 106 அங்குலம் (269 செ.மீ.).

124 அங்குலம் வந்தால் அது மாடல் டிடி, ஒரு டன் லாரி. 131.5 அங்குலமோ 157 அங்குலமோ வந்தால் மாடல் ஏஏ லாரி. இரண்டுக்கும் திறந்த கேபின் உண்டு, முகமும் சின்ன வண்டியின் முகம்தான். அதனால்தான் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் ஏமாறுகிறார்கள். லாரியாக அவை நல்ல வண்டிகள், ரோட்ஸ்டர் பிக்கப் அல்ல.

அளவு எந்த எண்ணோடும் ஒட்டவில்லை என்றால் சேஸை யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஹாட் ராட் கட்டுகிறவர்கள், அதாவது பழைய வண்டியை வேகத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் மாற்றிக் கட்டுகிறவர்கள், 1950-களிலிருந்தே இதைச் செய்கிறார்கள். அவர்களில் ஒருவரான நார்ம் கிராபோவ்ஸ்கியின் புகழ்பெற்ற வண்டி மாடல் டி உடம்பின் முன்பாதியையும் குறுக்கிய மாடல் ஏ தொட்டியையும் சேர்த்துக் கட்டியது. அதைப் பார்த்துக் கட்டியவை ஏராளம். அந்த வழியில் வந்த வண்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப முயல வேண்டாம். கட்டியவரின் கைவேலைக்கே அங்கே மதிப்பு.

4. மாடல் டி என்றால்: தொட்டியைப் படியுங்கள்

ஃபோர்டு தானே தொட்டி வைத்து விற்ற முதல் பிக்கப் 1925 ஏப்ரலில் வந்தது. "பிக்கப் பாடி பொருத்திய மாடல் டி ரன்அபவுட்" என்பதே அதன் பெயர். ரன்அபவுட் என்பது இரண்டு பேருக்கான திறந்த கார். அதன் பின்பெட்டி தனியாகக் கழற்றக்கூடியது. அதை எடுத்துவிட்டுத் தொட்டியை வைத்தார்கள், முன்பாதியில் மாற்றமில்லை.

ஆகவே மாடல் டி-யில் கேபினை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது பிக்கப்பாகப் பிறந்ததா என்று தெரியாது. கார் ரன்அபவுட்டின் பின்பெட்டியைக் கழற்றித் தொட்டி வைக்க ஒரு மதியப் பொழுது போதும். அந்தக் காலத்தில் தச்சர்களும் கொல்லர்களும் வெளி நிறுவனங்களும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சாட்சி சொல்ல வேண்டியது தொட்டியும் அதன் கீழே உள்ளவையும்தான்.

தொட்டியின் நீளத்தை உள்பக்கமாக அளங்கள். ஃபோர்டு தொட்டி சுமார் 56 அங்குல நீளம், 40 அங்குல அகலம், பக்கச் சுவர் 13 அங்குல உயரம். பக்கச் சுவர்களில் கம்பு செருகும் கூடு நான்கு இருக்க வேண்டும். பின் கதவின் சாய்வை மாற்றி நிறுத்த முடிய வேண்டும். மரத்தில் செய்து ஓரத்தில் மட்டும் பட்டை அடித்த தொட்டி என்றால் அது வெளியில் கட்டியது.

அடுத்து கீழே குனியுங்கள். மாடல் டி-யின் பின் ஸ்பிரிங் குறுக்காக, வில் போல ஆக்சிலுக்கு மேலே கிடக்கும். பிக்கப்புக்கு ஃபோர்டு கனமான ஸ்பிரிங் கொடுத்தது. முடிந்தால் சாதாரண ரன்அபவுட் ஒன்றின் பட்டைகளை எண்ணி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். தொட்டி சரியாக இருந்து ஸ்பிரிங் மெலிதாக இருந்தால், தொட்டி பின்னாளில் ஏறியது என்று சந்தேகப்படலாம். இது ஒன்றே போதுமான சான்று இல்லை. ஒடிந்த ஸ்பிரிங்கை மாற்றாத பண்ணைக்காரர் யார்?

1925-ஐயும் 1926–27-ஐயும் பிரிப்பது எளிது. அமெரிக்காவில் செய்த 1925 திறந்த வண்டிகளில் ஓட்டுநர் பக்கம், அதாவது இடது பக்கம், திறக்கும் கதவே கிடையாது. வலது பக்கம் ஏறி நகர்ந்து உட்கார வேண்டும். "இந்தக் கதவை யாரோ வெல்டு அடித்து மூடிவிட்டார்கள்" என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்த்த ஒருவரை எங்கள் ஷெட்டிலேயே பார்த்தோம். அது பிறவியிலேயே அப்படி. 1926 மாடலிலிருந்து இரண்டு பக்கமும் கதவு வந்தது.

பெட்ரோல் டேங்கும் உதவும். 1925 வண்டியில் டேங்க் சீட்டுக்கு அடியில். 1926–27 ரன்அபவுட்டில் அது கண்ணாடிக்கு முன்னால், டேஷ்போர்டுக்குப் பின்புறம் ஏறிவிட்டது. அந்த இடத்தை டேங்க் பிடித்துக்கொண்டதால், இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் காயில் பெட்டி இன்ஜின்மேல் போனது. கதவு, டேங்க், காயில் பெட்டி மூன்றும் ஒரே வருடத்தைச் சொன்னால் நம்பலாம். இரண்டு ஒன்றும் மூன்றாவது வேறொன்றும் சொன்னால், இரண்டு வண்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

1914 முதல் 1925 வரையிலான மாடல் டி-க்குத் தொழிற்சாலை வண்ணம் கறுப்பு மட்டும்தான். வேறு நிறம் தெரிந்தால் அது பிறகு அடித்தது, அதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

5. மாடல் ஏ என்றால்: கேபினின் முதுகைப் பாருங்கள்

இங்கே கதை தலைகீழ். மாடல் ஏ-யின் தொடக்கக் காலத் தொட்டி (உடல் எண் 78-ஏ) மாடல் டி-யிலிருந்து ஏறக்குறைய அப்படியே வந்தது. பழைய வண்டியின் தொட்டியை எடுத்துப் புதியதில் வைப்பது சுலபம். 1931-இல்தான் அகலமான 78-பி வந்தது. ஆகவே தொட்டியை வைத்து மாடல் ஏ-யில் எதையும் நிரூபிக்க முடியாது. சொல்ல வேண்டியதைக் கேபின் சொல்லும்.

மாடல் ஏ ரோட்ஸ்டர் காரின் உடல் எண் 40. அதன் உடம்பு கதவுக்குப் பின்னாலும் தொடர்ந்து போய், டிக்கியோடு சேர்ந்து ஒரே உடம்பாக முடியும். மாடல் டி போலப் பின்பெட்டியைக் கழற்ற முடியாது. திறந்த கேபின் பிக்கப்பின் உடல் எண் 76: முதலில் 76-ஏ, 1930 வாக்கில் 76-பி. இது தனியாகச் செய்த உடம்பு. சீட்டின் முதுகோடு முடிந்துவிடும், அதற்குப் பின்னால் தகடே இல்லை.

மாடல் ஏ ரோட்ஸ்டர் காரைப் பிக்கப்பாக்க வேண்டுமானால் கதவுக்குப் பின்னால் அறுத்தே ஆக வேண்டும். அறுத்தால் தழும்பு இருக்கும். அந்தத் தழும்பைத் தேடுவதுதான் இந்தப் படி.

சீட்டின் சாய்மானத்தை எடுத்துவிட்டு டார்ச்சை உள்ளே பிடியுங்கள். சொந்தக் கேபின் என்றால் பின்தகடு முனைகளில் வளைந்து பக்கங்களோடு இயல்பாகச் சேரும். அறுத்த வண்டியில் கதவுத் தூணுக்குச் சற்றுப் பின்னால் மேலிருந்து கீழாக ஒரு வெல்டிங் கோடு ஓடும், பின்னால் தட்டையான தகடு அடைத்திருக்கும். வெளிப்பக்கம் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து அழகாக்கிவிடுவார்கள். உள்பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. அதனால் எப்போதும் உள்ளேயிருந்து பாருங்கள்.

வெளியிலிருந்து காந்தத்தை அந்தப் பகுதியில் மெல்ல நகர்த்துங்கள். பிடி தளர்கிற இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. சாக்பீஸால் குறியிடுங்கள். குறிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் விழுந்தால் அது பழைய அடி வாங்கிய இடம் அல்ல, அறுத்த இடம்.

பிறகு கூரை. ரோட்ஸ்டர் காரின் துணிக்கூரை மடித்துப் பின்னால் சாய்க்கும்படி இருக்கும். திறந்த கேபின் பிக்கப்பின் கூரை மடியாது, வேண்டுமானால் முழுதாகக் கழற்றிவைக்கலாம். பின்னால் தொட்டி இருக்கும்போது மடித்த கூரைக்கு ஏது இடம்? 76-ஏ என்று சொல்லப்படும் வண்டியில் மடிக்கும் இரும்புச் சட்டங்கள் இருந்தால் அவை வேறு வண்டியிலிருந்து வந்தவை.

ஸ்டெப்னி எங்கே என்று பாருங்கள். பின்னால் கதவு திறந்து இறங்க வேண்டுமே, அதனால் பிக்கப்பில் ஸ்டெப்னி முன் மட்கார்டின் பள்ளத்தில் உட்காரும். பள்ளமில்லாத மட்கார்டு என்றால் அதுவும் காரிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை, அதிக எடை கொடுக்காதீர்கள்.

இந்தப் படிக்கு நாங்கள் அரை நாள் ஒதுக்குவோம். சீட்டை எடுக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் விலை பேசாமல் திரும்பிவிடுவோம்.

6. 1932 வண்டி

இதில் முதலில் சேஸைப் பாருங்கள். 1932 ஃபோர்டின் சேஸ் பக்கவாட்டில் வெளியே தெரியும், அதன்மேல் நீளவாக்கில் அழுத்திய கோடு ஓடும். மாடல் ஏ-யில் அந்த இடத்தைத் தனித் தகடு மூடியிருக்கும். சக்கரம் 18 அங்குலம். நாலு சிலிண்டர் இன்ஜினும் 221 கன அங்குல வி8 இன்ஜினும் இரண்டுமே சரி.

திறந்த கேபின் பிக்கப்பை வாங்குவோர் அதற்குள் மிகக் குறைந்துவிட்டார்கள், மூடிய கேபின் தரும் சுகத்தை எல்லாரும் கண்டுவிட்டார்கள். அதனால் இந்த வருடத்து ரோட்ஸ்டர் பிக்கப் கிடைப்பது அரிது, போலியும் அதனாலேயே அதிகம். அனுபவமுள்ள ஒருவரைக் கூட அழைத்துப் போகாமல் இதை வாங்காதீர்கள்.

7. தகடு பழையதா, புதியதா?

காந்தம் ஒட்டவே இல்லை என்றால் ஃபைபர் உடம்பு. இது எல்லாருக்கும் தெரிகிறது. காந்தம் ஒட்டினால் பழைய தகடு என்று எண்ணுவதுதான் புதியவர்களின் பெரிய தவறு. ஓஹையோவில் உள்ள புரூக்வில் ரோட்ஸ்டர் நிறுவனம் மாடல் ஏ ரோட்ஸ்டர், ரோட்ஸ்டர் பிக்கப் உடம்புகளைப் புது இரும்புத் தகட்டிலேயே செய்து விற்கிறது. வேலை நன்றாக இருக்கும், ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் அந்த உடம்பு பல கை மாறிய பிறகு "அசல்" என்ற சொல் எப்படியோ வந்து ஒட்டிக்கொள்கிறது.

பழைய தகட்டைக் காட்டிக்கொடுப்பது தேய்மானம்தான். கதவுக் கீல் முளையைச் சுற்றி நீள்வட்டமாகத் தேய்ந்த துளை, மிதிகட்டைகளுக்கு நேர் கீழே தரைச்சட்டத்தில் அரிப்பு, யாரோ எதற்கோ போட்டுப் பிறகு அடைத்த துளைகள். எண்பது வருடம் உழைத்த உடம்பில் ஒரு வேண்டாத துளையாவது இருக்கும். ஒன்றுமே இல்லை என்றால் கேள்வி கேளுங்கள்.

செவ்ரோலெட் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலச் செவ்ரோலெட் உடம்புகள் மரச்சட்டத்தின்மேல் தகடு அறைந்தவை. தகடு பளபளப்பாக இருந்து மரம் உளுத்திருக்கும். கதவைத் திறந்து அதன் நுனியை மெல்லத் தூக்குங்கள். தூணும் சேர்ந்து அசைந்தால் உள்ளே மரம் போய்விட்டது, அதைச் சரிசெய்யும் செலவு வண்டியின் விலையைத் தாண்டலாம்.

8. எளிதில் மாறும் உறுப்புகளை இப்போது பாருங்கள்

சக்கரம், ரேடியேட்டர் கூடு, ஹெட்லைட். இவை முதலில் கண்ணில் படுவதால்தான் பலர் இவற்றிலிருந்து தொடங்குகிறார்கள். மாடல் ஏ 1928–29-க்கு 21 அங்குலச் சக்கரம், 1930–31-க்கு 19 அங்குலம். ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் அப்படியே ஏறும். டயர் கிடைக்காதவர்கள் மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1930–31 கார்களில் ரேடியேட்டர் கூடும் ஹெட்லைட்டும் பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகு. அதே வருடத்துப் பிக்கப்பில் அவை கறுப்புப் பெயிண்ட். புதுப்பிக்கிறவர்கள் இதைக் குறை என்று நினைத்துக் காரின் கூட்டை வாங்கி மாட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேலை வண்டியின் முகம் கறுப்புதான், அந்த முகத்தில்தான் அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

9. கடைசியாக நம்பர்

மாடல் டி, மாடல் ஏ இரண்டிலுமே நம்பர் இன்ஜினின் இடது பக்கம், தண்ணீர் நுழையும் குழாய் வாய்க்கு மேலே உள்ள மேடையில் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். உப்புத்தாளோ கிரைண்டரோ பட்டால் லேசாக அடித்த எண் அழிந்தே போகும். அழிந்த எண்ணை மறுபடி பஞ்ச் அடிப்பது அமெரிக்காவில் சட்டப்படி குற்றமாகக்கூடும்.

மாடல் ஏ நம்பருக்கு முன்னால் ஏ என்ற எழுத்தும், இரு முனையிலும் நட்சத்திரமும் இருக்கும். முதல் நம்பர் 1927 அக்டோபர் 20-இல் அடிக்கப்பட்டது. பி என்று தொடங்கினாலோ இன்ஜின் பக்கவாட்டில் பெட்ரோல் பம்ப் மாட்டும் இடம் இருந்தாலோ அது 1932-இல் வந்த மாடல் பி இன்ஜின். நல்ல இன்ஜின்தான், கொஞ்சம் கூடுதல் வலு. மாடல் ஏ வண்டியோடு பிறந்தது மட்டும் இல்லை.

கனடாவில் செய்தவற்றில் சி என்ற எழுத்து முன்னால் வரும், மாடல் ஏ-க்கு சிஏ. இந்தியா, இலங்கை, மலாயாவுக்கு வந்த ஃபோர்டுகள் பெரும்பாலும் கனடா வழியே வந்தவை, ஸ்டீரிங் வலது பக்கம். 1926-இல் தொடங்கிய ஃபோர்டின் இந்திய நிறுவனமும் கனடா ஃபோர்டின் கிளைதான். தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ பழைய ஃபோர்டைப் பார்க்கிறவர்கள் அமெரிக்க நம்பர் பட்டியலை வைத்து வருடம் சொல்ல வேண்டாம். 4-ஆம் படியில் சொன்ன ஒற்றைக் கதவுக் கணக்கையும் அங்கே பொருத்த வேண்டாம்.

மாடல் ஏ-யின் சேஸிலும் அதே நம்பர் உண்டு: இடது சட்டத்தின் மேல்பக்கம், டேஷ் சுவருக்கு அருகே. கேபின் அதன்மேல் உட்கார்ந்திருப்பதால் தூக்காமல் முழுதாகப் படிக்க முடியாது. வாங்கும் நாளில் கேபினைத் தூக்கச் சொல்ல முடியாதுதான். வாங்கிய பிறகு முதல் வேலையாகத் தூக்கிப் படி எடுங்கள், பெயிண்ட் அடித்த பிறகு யாருக்கும் மனம் வராது.

இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர், டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) மூன்றும் ஒத்துப்போனால் அரிய வண்டி. டைட்டிலில் உள்ள வருடம் பல சமயம் வண்டி முதலில் பதிவான வருடம், செய்த வருடம் அல்ல. ஒரு வருடம் முன்பின் இருந்தால் பதற வேண்டாம். நம்பரே ஒத்துப்போகவில்லை என்றால், அந்த மாநிலத்து வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

10. பிரிப்பதற்கு முன் பதிவு செய்யுங்கள்

வாங்கியாயிற்று. உடனே ஸ்பேனரை எடுக்கத் தோன்றும். ஒரு வாரம் பொறுங்கள். தொட்டிக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, தொட்டியைத் தாங்கும் அடைகள், ஸ்பிரிங் பட்டைகளின் எண்ணிக்கை, பெயிண்ட் அடுக்குகள், எல்லாவற்றையும் இஞ்ச் டேப்பைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். சீட்டுக்கு அடியிலும் டேங்க் பட்டைக்குக் கீழும் முதல் பெயிண்ட் தப்பிப் பிழைத்திருக்கும். ஒரு விரல் அகலத்தை அப்படியே விட்டுவையுங்கள்.

சந்தேகம் வந்தால் மிச்சிகனின் டியர்போர்னில் உள்ள பென்சன் ஃபோர்டு ஆய்வு மையத்தில் தொழிற்சாலை வரைபடங்கள் இருக்கின்றன. அதே மாநிலத்து ஹிக்கரி கார்னர்ஸில் கில்மோர் கார் அருங்காட்சியக வளாகத்துக்குள் மாடல் ஏ-க்கென்றே தனி அருங்காட்சியகம் உண்டு. போகும்போது உங்கள் நோட்டையும் எடுத்துப் போங்கள். "பார்த்தது" பக்கத்தில் விடுபட்டவை என்னென்ன என்று அங்கே நிற்கும்போது தெரியும். வீடு திரும்பி, டார்ச்சோடு இன்னொரு முறை சீட்டுக்குப் பின்னால் குனியுங்கள்.